இன்டர்ரெக் விண்ணப்பம்: செலவு வரிசைகள் மறைந்துவிட்டன, கையிருப்பும் போதவில்லை. உதவி தேவை

மிராபெல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் சார்புரூக்கனில் ஒரு சிறிய பதிவுபெற்ற சங்கத்தில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய பழத்தோட்டங்களைக் காப்பதுதான் சங்கத்தின் வேலை. சார் நதியோடு மேலே போனால் எல்லை தாண்டியதும் பிரான்சின் சார்கமின் நகரம். அங்கேயும் இதே வேலையைச் செய்யும் ஒரு சங்கம் இருக்கிறது. எங்கள் பக்கம் ஆப்பிள், அவர்கள் பக்கம் லொரேன் பகுதிக்கே உரிய மிராபெல் பிளம்ஸ். ஒரு சிற்றூராட்சியையும் சேர்த்துக்கொண்டு, இரு நாட்டுப் பதின்ம வயதினருக்கும் மரம் கத்தரிக்கவும் சாறு பிழியவும் கற்றுத்தர இரண்டு ஆண்டுத் திட்டம் ஒன்றை இன்டர்ரெக்கில் (எல்லை தாண்டிய கூட்டுத் திட்டங்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய நிதி) போடுகிறோம். மூன்று பங்காளிகளுக்கும் சேர்த்து மொத்தம் 1,46,000 யூரோ. முன்னணிப் பங்காளர் நாங்கள். ஐரோப்பியப் பங்காக 60 சதவீதம் கேட்டிருக்கிறோம்.

எங்கள் சங்கத்தின் பங்கு மட்டும் இப்படி: சம்பளம் 28,000, அலுவலகச் செலவு 4,200, பயணம் 4,200, வெளிப் பயிற்சியாளர்கள் 12,000, கருவிகள் 6,000. ஆக 54,400 யூரோ.

சிக்கல்கள் நான்கு. விண்ணப்பத்தைப் பதியும் ஜெம்ஸ் இணையதளத்தில் சம்பளத்தைப் பதிந்து, நிலையான விகிதத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் பயிற்சியாளர், கருவி ஆகிய வரிசைகள் அப்படியே மறைந்துவிட்டன. வேறு உலாவியில் திறந்தும் பார்த்துவிட்டேன். அடுத்தது, முதல் பணம் வரும்வரை செலவை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று இன்டர்ரெக் செயலகம் கேட்கிறது. சங்கக் கணக்கில் இருப்பது 9,000 யூரோ. மூன்றாவதாக, எங்கள் உறுப்பினர்களின் சம்பளமில்லா உழைப்பைச் சொந்தப் பங்காகக் காட்டலாமா? கடைசியாக, பிரெஞ்சுச் சங்கத்திடம், பிரான்சில் சங்கங்களுக்கான 1901ஆம் ஆண்டுச் சட்டப்படியான பதிவுச் சான்று கேட்டோம், அப்படி ஒன்று தங்களிடம் இல்லவே இல்லை என்கிறார்கள். பொய்ச் சங்கமோ என்று எங்கள் தலைவர் பயப்படுகிறார்.

பச்சைமை எழுதியது:

தங்கச்சி, தலைவரின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். சார்கமின் மோசெல் மாவட்டத்தில் இருக்கிறது. 1871 முதல் 1918 வரை அந்த மாவட்டமும் அல்சாஸும் ஜெர்மனியின் கையில் இருந்தன. பிரான்சோடு திரும்பச் சேர்ந்த பிறகும் சங்கங்களுக்கான அன்றைய ஜெர்மானியச் சட்டம் அங்கே நிலைத்துவிட்டது. அதனால் அங்குள்ள சங்கங்கள் நீதிமன்றப் பதிவேட்டில் பதிவாகின்றன. நிறுவ ஏழு பேர் வேண்டும், உங்கள் சங்கத்துக்கு வேண்டியது போலவே. 1901 சட்டச் சான்று பிரான்சின் மற்றப் பகுதிகளுக்குத்தான். நீதிமன்றப் பதிவேட்டுப் பிரதியை வாங்கி ஏற்றுங்கள், ஒருவரியில் விளக்கமும் எழுதிவிடுங்கள்.

இப்போது மறைந்த வரிசைகள். தளம் பழுதாகவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்தது 40 சதவீத விகிதம். அதன் பொருள், சம்பளத்தை உண்மைச் செலவாகக் காட்டுவீர்கள், மற்ற எல்லாமும், பயணம், அலுவலகம், பயிற்சியாளர், கருவி உட்பட, அந்தச் சம்பளத்தின் 40 சதவீதத்துக்குள் அடங்கும். தனி வரிசைக்கு வேலையே இல்லை என்பதால் தளம் மூடிவிடுகிறது.

வேறு விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2021–2027 காலகட்டத்துக்கான ஐரோப்பிய நிதிகளின் பொது விதிமுறையில், மொத்தச் செலவு 2,00,000 யூரோவைத் தாண்டாத திட்டங்களுக்கு எளிமையாக்கிய செலவுக் கணக்கு (பில்லுக்குப் பதில் நிலையான விகிதமோ முன்கூட்டியே முடிவு செய்த தொகையோ) கட்டாயம். அரசு உதவி விதிக்குள் (தொழில் போட்டியைக் குலைக்கும் அரசு நிதிக்கான ஐரோப்பிய விதி) வருபவை போன்ற சிலவற்றுக்கே விலக்கு. நிலையான விகிதம் எடுத்தால் அந்த விகிதத்துக்கு அடிப்படையான செலவை மட்டுமே பில் வைத்து உண்மைச் செலவாகக் கேட்க முடியும். அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் 15, 15 சதவீதம் எடுத்துக்கொண்டு, பயிற்சியாளரையும் கருவியையும் பில் வைத்துக் கேட்பது பெரிய திட்டங்களுக்குரிய வழி. உங்களுடையது 1,46,000. கதவு மூடியிருக்கிறது.

மிராபெல் எழுதியது:

நன்றி அண்ணா. அப்படியானால் 28,000 கூட்டல் 11,200, மொத்தம் 39,200தானே. 15,200 யூரோ காற்றில் போய்விடுகிறதே! திட்டத்தை 2,00,000க்கு மேலே ஊதிப் பெரிதாக்கிவிடலாமா என்று எங்கள் தலைவர் கேட்கிறார்.

பச்சைமை எழுதியது:

வேண்டாம். மதிப்பீட்டாளர்கள் நேற்றுப் பிறந்தவர்கள் அல்ல, ஊதிப் பெருக்கிய பட்ஜெட் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஊதிப் பெருக்கிய தொகைக்கும் சேர்த்து நீங்கள்தான் 40 சதவீதம் சொந்தப் பங்கு தேட வேண்டும் என்பதையும் தலைவருக்குச் சொல்லுங்கள்.

வேறு வழி பாருங்கள். மரம் கத்தரிக்கக் கற்றுத்தரும் அந்தப் பயிற்சியாளர் யார்? ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிற அதே ஆள் என்றால், அவரைப் பில் போடும் வெளியாளாக வைக்காமல் சங்கத்திலேயே பகுதிநேர ஊழியராக எடுங்கள். அவருக்கு 10,000 என்று வைத்துக்கொண்டால் சம்பளம் 38,000 ஆகிறது. அதன் 40 சதவீதம் 15,200. மொத்தம் 53,200. நீங்கள் முதலில் போட்ட 54,400க்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள். கருவிக்கு 6,000 போக 9,200 மிஞ்சும், பயணமும் அலுவலகமும் அதற்குள் இறுக்கமாக ஓடும். வேலை ஒப்பந்தம் உண்மையானதாக இருக்க வேண்டும், சமூகக் காப்பீடு கட்ட வேண்டும். பெயருக்கு ஊழியராகக் காட்டினால் இங்கே தொழிலாளர் சட்டமே உங்களைப் பிடிக்கும், ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை.

கூடவே ஒரு நிம்மதி. அவர் வேலை நேரத்தில் இத்தனை சதவீதம் இந்தத் திட்டத்துக்கு என்று எழுத்தில் நிர்ணயித்துவிட்டால், மணிக்கணக்குப் பதிவேடு கேட்கும் கடமை இல்லை. 40 சதவீதத்துக்குள் வரும் செலவுகளின் பில்லையும் சரிபார்ப்பாளர் கேட்க மாட்டார். சாறு பிழியும் எந்திரத்துக்கு டீசல் அடித்த சீட்டை ஒட்டி வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். (வரிக் கணக்குக்கு வேண்டும், அது வேறு கதை.)

ரைன்கரை எழுதியது:

பச்சைமை அண்ணன் சொன்னது பட்ஜெட்டுக்குச் சரி. ஆனால் இந்தச் சங்கத்தை மூழ்கடிக்கப்போவது பட்ஜெட் அல்ல, நாட்காட்டி. மிராபெல், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இன்டர்ரெக் செலவழித்த பிறகு திருப்பித் தரும் நிதி. 53,200ஐ 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 2,200 யூரோ. ஆறு மாதம் முடிந்ததும் அறிக்கை எழுதுவீர்கள், அதற்கு ஒரு மாதம் வையுங்கள். சரிபார்ப்பாளருக்கு இன்டர்ரெக் விதிமுறை தரும் அவகாசம் மூன்று மாதம். மூன்று பங்காளிகளின் சான்றும் கைக்கு வந்தபின்தான் முன்னணிப் பங்காளர் கூட்டறிக்கை அனுப்ப முடியும், ஆக மெதுவாக ஓடுபவரின் வேகம்தான் உங்கள் வேகம். பணக் கோரிக்கை போனதிலிருந்து, பணம் தரும் நிர்வாக அமைப்புக்கு 80 நாள். ஒரு தாள் குறைந்தால் அந்த 80 நாள் எண்ணிக்கையையும் நிறுத்தி வைக்கலாம். கூட்டிப் பாருங்கள், பதின்மூன்றாம் மாதம் வந்துவிடுகிறது. அப்போது உங்கள் கையிலிருந்து போயிருப்பது 29,000 யூரோ அளவில். வருவது முதல் ஆறு மாதச் செலவான 13,300இல் 60 சதவீதம், அதாவது 7,980 யூரோ. கணக்கில் இருப்பதோ 9,000. செயலகம் உங்களைக் குடைவதற்காக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இதில் முன்னணிப் பங்காளர் வேறு! பணம் உங்களுக்கு வந்து, பிடித்தம் இல்லாமல் முழுதாக மற்றவர்களுக்குப் போக வேண்டும். பின்னால் ஒரு பங்காளியின் செலவு தகாதது என்று தணிக்கையில் வந்தால், நிர்வாக அமைப்பு வந்து கேட்பது உங்களைத்தான். நீங்கள் அந்தப் பங்காளியிடம் வசூலிக்க வேண்டும். உங்களால் முடியாதபோது அந்தப் பங்காளியின் நாடு பொறுப்பேற்கும் என்று விதியில் இருக்கிறது, ஆனால் அதுவரை கடிதப் போக்குவரத்து உங்கள் மேசையில்தான் நடக்கும். 9,000 யூரோ உள்ள சங்கம் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ஊராட்சியை உட்கார வையுங்கள். அவர்களுக்குக் கருவூலம் இருக்கிறது, கணக்காளர் இருக்கிறார், சம்பளம் நிற்காது.

தம்பிதுரை எழுதியது:

எனக்குக் கேட்டால் இன்டர்ரெக்கையே விட்டுவிடுங்கள் என்பேன். எங்கள் சங்கம் வேறொரு எல்லையில் பங்காளியாக இருந்தது. எந்தத் திட்டம் என்று சொல்லப்போவதில்லை. கடைசித் தவணை வருவதற்குள் அந்த வேலையைப் பார்த்தவரே வேறு ஊருக்குப் போய்விட்டார். சிறிய சங்கங்களுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வி, இளைஞர் நிதியான எராஸ்மஸ் பிளஸ்ஸின் சிறு அளவுக் கூட்டாண்மை இருக்கிறதே! இரண்டு நாடுகளில் இரண்டு அமைப்புகள் போதும். 30,000 அல்லது 60,000 யூரோ மொத்தத் தொகை, 6 முதல் 24 மாதம். பெரும்பகுதி முன்பணமாகவே வந்துவிடும். பில் கேட்க மாட்டார்கள், சொன்னதைச் செய்தீர்களா என்று பார்ப்பார்கள். இளைஞர் பிரிவு என்றால் ஜெர்மனியில் பான் நகரில் உள்ள தேசிய முகமையிடம் விண்ணப்பம்.

ரைன்கரை எழுதியது:

தம்பிதுரை, பாதி ஒத்துக்கொள்கிறேன். முன்பணம் பெரிய வசதிதான். ஆனால் 60,000 என்பது எல்லாப் பங்காளிகளுக்கும் சேர்த்து. இவர்களின் சம்பளம் மட்டுமே 38,000. இறுதி அறிக்கையின் மதிப்பெண் குறைந்தால் தொகையையும் குறைப்பார்கள். எராஸ்மஸ் கற்றலைப் பார்க்கும், தோட்டத்தைப் பார்க்காது. ஜெர்மனியின் எந்த மூலையிலிருந்து அந்த முகமைக்கு வரும் விண்ணப்பத்தோடும் போட்டி போடும்போது, எல்லைக்கு இருபுறமும் ஒரே மரம் ஒரே நோயால் சாகிறது என்ற வாதத்துக்கு அங்கே தனி மதிப்பு கிடையாது. இன்டர்ரெக் 1990இல் தொடங்கியதே அப்படிப்பட்ட எல்லைப் பகுதிகளுக்காக.

நகர இணைப்புத் திட்டம் (வெவ்வேறு நாட்டு ஊர்களை நட்பு ஊர்களாக இணைப்பது) என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ‘குடிமக்கள், சமத்துவம், உரிமைகள், விழுமியங்கள்’ என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தில் அந்தப் பிரிவு ஊராட்சிகளுக்கும் அவற்றைப் பிரதிநிதிப்படுத்தும் இணைப்புக் குழுக்களுக்கும் உரியது. உங்கள் சங்கம் தனியாகப் போய் நிற்க முடியாது.

கரும்பலகை எழுதியது:

சம்பளமில்லா உழைப்புக்குப் பதில் யாரும் சொல்லவில்லை. ஐரோப்பிய விதிமுறை அதைத் தகுதியுள்ள பங்களிப்பாக ஏற்க இடம் கொடுக்கிறது, ஆனால் ஒவ்வொரு திட்டத்தின் கையேடும் தனித்தனியாக முடிவு செய்யலாம், பல திட்டங்கள் மறுத்துவிடுகின்றன. ஏற்றாலும், அந்த உழைப்பின் மதிப்பைக் கழித்துவிட்டு மிஞ்சும் தகுதிச் செலவைத் தாண்டிப் பொது நிதி கிடைக்காது. உங்கள் வழக்கில் இன்னொரு முட்டுக்கட்டை. சம்பளம் தவிர எல்லாம் 40 சதவீதத்துக்குள் போய்விட்டதால் உழைப்பைக் காட்ட வரிசையே இல்லை. அதை விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில் எழுதுங்கள், மதிப்பீட்டில் உதவும். சொந்தப் பங்குக்கு ரொக்கம் தேடுங்கள்: மாவட்டம், மாநிலச் சுற்றுச்சூழல் துறை, அறக்கட்டளை. ஆனால் அவர்கள் தருவதும் ஐரோப்பிய நிதியிலிருந்து வருவதாக இருக்கக் கூடாது.

சிறிதாகத் தொடங்க வேண்டுமானால் பிராங்கோ-ஜெர்மன் குடிமக்கள் நிதியும் இருக்கிறது. பிரான்சும் ஜெர்மனியும் 2019 ஜனவரி 22இல் கையெழுத்திட்ட ஆஹன் உடன்படிக்கையில் பிறந்து 2020இல் நடைமுறைக்கு வந்தது. இரு நாட்டு இளைஞர் அலுவலகம் நடத்துகிறது. இரண்டு சங்கங்களும் சேர்ந்து ஒரு அறுவடை நாள் நடத்தும் அளவுக்கு அதில் கேளுங்கள். பிறகு இன்டர்ரெக் விண்ணப்பத்தில் கூட்டாகத் தயாரித்தோம் என்று எழுதும்போது காட்டுவதற்கு ஒன்று இருக்கும். கூட்டாகத் தயாரிப்பதும் கூட்டாக நடத்துவதும் கட்டாயம், கூட்டு ஊழியர் அல்லது கூட்டு நிதி இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஒரே செலவை இரண்டு இடத்திலும் கேட்டுவிடாதீர்கள், அது தனிக் கோப்பாக இருக்கட்டும்.

மிராபெல் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஊராட்சியோடு பேசிவிட்டோம். முன்னணிப் பங்காளராக இருக்கச் சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை: எங்கள் சங்கத்தின் அறிக்கை ஒவ்வொரு முறையும் குறித்த தேதிக்குள் வர வேண்டும், அதைப் பங்காளர் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறார்கள். எங்கள் பங்குக்கு வரவேண்டிய பணத்தைக் காட்டி, 20,000 யூரோவை வட்டியில்லாக் கடனாக ஊராட்சியே தரலாமா என்று மன்றத்தில் வைக்கப்போகிறார்கள். பயிற்சியாளரும் பகுதிநேர வேலைக்குச் சரி என்றுவிட்டார். எட்டு மரங்களுக்கு ஒரு பையன் வீதம் பிரித்துக் கொடுத்தால்தான் கற்பிப்பேன் என்பது அவர் நிபந்தனை. சார்கமின் சங்கத்தின் நீதிமன்றப் பதிவேட்டுப் பிரதியும் வந்துவிட்டது. பழைய முத்திரையோடு பார்க்க அழகாக இருக்கிறது.

இன்னும் இரண்டு சிறிய கேள்விகள். கோப்புகளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்? ஐரோப்பியச் சின்னத்தோடு பலகை வைப்பது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? தோட்டத்தில் சுவரே இல்லை.

பச்சைமை எழுதியது:

கடைசிப் பணம் உங்களுக்கு வந்த ஆண்டின் டிசம்பர் 31இலிருந்து ஐந்து ஆண்டுகள். திட்டம் முடிந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். ஊராட்சி கடன் தர முன்வந்தால் அரசு உதவி விதிக்குள் வருகிறதா என்பதை அவர்களின் சட்டப் பிரிவு ஒரு தாளில் எழுதித் தரட்டும், அதையும் கோப்பில் வையுங்கள்.

பலகை முக்கியம். மொத்தச் செலவு 1,00,000 யூரோவைத் தாண்டி, கருவி வாங்குவதும் இருந்தால் நீடித்து நிற்கும் பலகை வேண்டும், மற்றவற்றுக்கு ஏ3 சுவரொட்டி அல்லது அதற்கு ஈடான மின்திரை போதும். உங்கள் கருவிகளுக்கு எது பொருந்தும் என்று செயலகத்திடம் கேளுங்கள். எதுவானாலும் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். தோட்டத்தில் சுவர் இல்லாவிட்டால் சங்க அலுவலக வாசலில் ஒட்டுங்கள். தொடக்க நாளிலேயே தேதியோடு படமும் எடுத்துவிடுங்கள். விளம்பர விதியை மீறித் திருத்தாமலும் விட்டால் நிதியில் 2 சதவீதம் வரை வெட்ட இடம் இருக்கிறது. உங்கள் 31,920இல் அது 638 யூரோ. சுவரொட்டி அச்சடிக்க அவ்வளவு ஆகாது.