கைரேகை ஏற்கவில்லை, முகப்பூட்டு தம்பிக்கும் திறக்கிறது: ஃபோனுக்கு எந்தப் பூட்டு?

கேள்வி

வணக்கம். நான் புத்தக பைண்டிங் வேலை செய்பவன். தாள் விளிம்பும் பசையும் நாள் முழுவதும் உரசி, வலது கட்டைவிரலின் ரேகை பாதி தேய்ந்துவிட்டது. மாலையில் விரலை வைத்தால் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து மறுத்துவிட்டு, கடைசியில் பின் எண்ணைக் கேட்கிறது. இந்தத் தொல்லை வேண்டாம் என்று முகத்தைக் காட்டித் திறக்கும் வசதிக்கு மாறினேன். போன வாரம் என் தம்பி மணி பார்ப்பதற்காக ஃபோனைக் கையில் எடுத்தபோது, பூட்டு அவனுக்கும் திறந்துகொண்டது. அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கிச் செயலி, மருத்துவ அறிக்கைகள், மனைவியுடன் பேசியவை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

அன்றே இரண்டையும் நீக்கிவிட்டு, நான்கு இலக்க எண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது பேருந்தில் நின்றுகொண்டு அதைத் தட்டும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிட்டாரோ என்று உறுத்துகிறது. ஃபோன் ஆண்ட்ராய்டு, ரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கிறது. ரேகையைப் பதிந்தால் அது நிறுவனத்தின் கைக்குப் போய்விடுமா என்பதும், எந்தப் பூட்டை வைத்துக்கொள்ளலாம் என்பதும் தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

பதில் 1

முதலில் தம்பியின் கதை. முன் கேமரா எடுக்கும் சாதாரணப் படத்தை மட்டும் நம்பி முகத்தை அடையாளம் காணும் ஃபோன்களுக்கு, உடன்பிறந்தோர் முகச்சாயல் ஒரு பெரிய குழப்பம். சிலவற்றை ஒரு புகைப்படத்தைக் காட்டியே ஏமாற்றிவிடலாம். 2017-இல் ஐபோனில் வந்த ஃபேஸ் ஐடி அப்படிப்பட்டதன்று. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை 30,000-க்கும் மேல் முகத்தின் மீது வீசி, மேடு பள்ளங்களை அளக்கிறது. ஆனாலும் இரட்டையரிடமும், முகம் ஒத்த உடன்பிறந்தோரிடமும் தவறு நேரும் வாய்ப்பு கூடுதல் என்பதை ஆப்பிளே ஒப்புக்கொள்கிறது.

ஆண்ட்ராய்டு இந்த வசதிகளைப் போலிகளுக்கு ஏமாறும் அளவை வைத்து மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. போலி விரலையோ போலி முகத்தையோ நூற்றுக்கு 7 முறைக்கு மேல் ஏற்காதது முதல்தரம். 20 முறைக்கு மேல் ஏமாறுவது, திரையைத் திறப்பதற்கு மட்டுமே அனுமதிக்கப்படும் கடைசித் தரம். உங்கள் ஃபோன் எதில் சேரும் என்று ஓரளவு ஊகிக்க எளிய வழி உண்டு: வங்கிச் செயலி உள்ளே நுழைய விரலை மட்டும் கேட்டு, முகத்தைக் கேட்கவே இல்லையென்றால், அந்த முகப்பூட்டு பெரும்பாலும் முதல்தரமாக இராது. அதை மறுபடி தொடாதீர்கள்.

ரேகை எங்கும் போவதில்லை. படமாக அல்லாமல் கணித வடிவமாக, ஃபோனின் சில்லுக்குள் தனித்து இயங்கும் ஒரு பாதுகாப்புப் பகுதியில் அது பூட்டி வைக்கப்படுகிறது. செயலிக்குக் கிடைப்பது "இவர்தான்" அல்லது "இவர் இல்லை" என்ற விடை மட்டுமே. ஆனால் ஒரு செயலி தானே கேமராவைத் திறந்து, தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னால் அது முற்றிலும் வேறு விஷயம். அந்தப் படம் அவர்களுடைய சர்வருக்குப் போகக்கூடும். பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிப் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2

நான் உடன்படவில்லை. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியுமா? 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்தில் நடந்த ஊடுருவலில் சுமார் 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவு போயின. அவர்கள் ஆயுள் முழுக்க அதே விரல்களோடுதான் இருக்க வேண்டும். தவிர, தூங்கும்போது என் விரலை யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துத் திறந்துவிடலாம். என் தலைக்குள் இருக்கும் எண்ணை அப்படி எடுக்க முடியாது. ஆறு ஆண்டுகளாக எண் மட்டும்தான் வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

பதில் 1

நீங்கள் சொன்ன களவு, எல்லோருடைய ரேகைகளும் ஒரே இடத்தில் குவித்து வைக்கப்பட்டிருந்ததால் நேர்ந்தது. ஃபோனில் அப்படிக் குவியல் கிடையாது. தூக்கத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. 2019-இல் வந்த கூகுளின் பிக்சல் 4 ஃபோன், கண் மூடியிருந்தாலும் முகத்தைப் பார்த்துத் திறந்துகொண்டது. அதைத் திருத்த அடுத்த ஆண்டு வரை ஆனது.

ஆனால் கேள்வி கேட்டவரின் உறுத்தலை நீங்கள் கவனிக்கவில்லை. கூட்டத்தில் வெளிப்படுவது எண், விரல் அன்று. எண்ணைத் தட்டுவதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஃபோனைப் பறித்துக் கணக்கின் கடவுச்சொல்லையே மாற்றிவிடும் திருட்டு பெருகியதால்தான், 2024 ஜனவரியில் ஆப்பிள் ஒரு புதிய தடையைக் கொண்டுவந்தது: பழக்கமான இடத்துக்கு வெளியே கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற, முகமோ விரலோ கட்டாயம், அதன்பின் ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் காட்ட வேண்டும். அதாவது வெளியே ஆபத்து எண்ணுக்கு, வீட்டில் ஆபத்து விரலுக்கு. பூட்டை இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதே என் வழக்கம்.

அதற்கு ஆண்ட்ராய்டில் லாக்டவுன் என்ற வசதி 2018 முதல் இருக்கிறது. பவர் பட்டன் மெனுவில் அதைத் தொட்டால் விரல், முகம் இரண்டும் அணைந்து, பூட்டுத்திரையில் வரும் அறிவிப்புகளும் மறைந்து, அடுத்த முறை எண்ணைக் கொடுத்தால்தான் திறக்கும். சில ஃபோன்களில் பூட்டுத்திரை அமைப்புகளுக்குள் போய் அதை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலிப் பட்டனையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்தினால் அதே பலன். படுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஃபோனை அணைத்து வைப்பது இன்னும் மேல், ஏனெனில் மறுபடி இயக்கிய பின் முதல் முறை எண்ணைக் கொடுக்கும் வரை உள்ளிருக்கும் தரவின் பெரும்பகுதி குறியாக்கத்தோடு மூடியே இருக்கும்.

எண்ணை நான்கு இலக்கத்தில் வைக்காதீர்கள். நான்கு இலக்கத்துக்கு 10,000 சேர்க்கைகள்தாம், ஆறுக்கு 10 லட்சம். விரல் துணைக்கு இருந்தால் நீளமான எண்ணை நாளுக்கு ஓரிரு முறை தட்டினால் போதும். அந்த ஓரிரு முறையைச் சுவரோரம் திரும்பி நின்று செய்யலாம். விரலால் கிடைக்கும் உண்மையான இலாபமாக நான் நினைப்பது இதைத்தான்.

தேய்ந்த ரேகைக்கு: பழைய பதிவை அழித்துவிட்டு, பசை அதிகம் படாத இடது மோதிர விரலைப் பதியுங்கள். அதே விரலைக் காலையில் ஒரு பதிவாகவும், வேலை முடிந்து கை கழுவியபின் இன்னொரு பதிவாகவும் வைத்துக்கொள்ளலாம். திரைக்கு மேல் கண்ணாடி ஒட்டியிருந்தால் அதை மாற்றும்போதெல்லாம் மறுபடி பதிய வேண்டும். வேறு யார் விரலையும், அவசரத்துக்கு என்றுகூட, பதியாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். இடது மோதிர விரலை இரண்டு பதிவாக வைத்தேன். நேற்று மாலை பசையோடு வைத்தும் முதல் முறையிலேயே திறந்தது. பின் எண்ணை எட்டு இலக்கமாக்கினேன். ஒன்று மட்டும் புரியவில்லை: புதிய விரலைப் பதிந்ததும் வங்கிச் செயலி என்னை வெளியேற்றி, பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. ஏதும் பழுதா?

பதில் 1

பழுதில்லை, செயலியை ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். உங்கள் எண்ணைத் தெரிந்துகொண்ட ஒருவர் தன் விரலையும் ஃபோனில் சேர்த்துவிட்டு, அதே விரலால் வங்கிக்குள் நுழைய முடியாதபடி, புதிய ரேகை பதிந்தவுடன், செயலி முன்பு ரேகைகளோடு இணைத்து ஃபோனில் வைத்திருந்த ரகசியச் சாவி செல்லாததாகிவிடும். நீங்கள் எதையும் பதியாத ஒரு நாளில் அப்படிக் கேட்டால், பதிவுப் பட்டியலைத் திறந்து விரல்களை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இப்போதே பார்த்துவிட்டேன், இரண்டு பதிவுகள்தாம் இருக்கின்றன. தம்பியிடமும் ஃபோனைக் கொடுத்துப் பார்த்தேன். முகத்தைக் காட்டினான், பத்து விரலையும் வைத்தான், கடைசியில் மணியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நன்றி.