குவாசார் நிறமாலையில் தூசுத் திருத்தத்துக்குப் பின் எழும் மேடு: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு) 1.5 கொண்ட, வழக்கத்தைவிடச் சிவந்த ஒரு குவாசாரின் (கருந்துளையால் ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டல மையத்தின்) நிறமாலையைத் தூசின் விளைவு நீங்கும்படித் திருத்தி வருகிறேன். பால்வழியின் ஒளிமறைப்பு வளைகோட்டை (தூசு எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை மறைக்கும் என்று காட்டுவது), மறைப்புக்கும் நிறமிகைக்கும் (தூசு ஒளியைச் சிவப்பாக்கும் அளவு) உள்ள விகிதம் 3.1 எனக் கொண்டு, குவாசாரின் சொந்த அலைநீளங்களில் பயன்படுத்தினேன். நீலப் பகுதி நிமிர்ந்துவிட்டது. ஆனால் நாம் பதிவு செய்யும் 5,440 ஆங்ஸ்ட்ராம் அருகே, முன்பு இல்லாத அகன்ற மேடு ஒன்று எழுகிறது. நிறமிகையைக் குறைத்தால் மேடு தணிகிறது, சிவப்போ மீண்டுவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
குவாசாரின் சொந்த அலைநீளத்தைப் பெற, 5,440ஐ 2.5ஆல் (1 + செம்பெயர்ச்சி) வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 2,175 வரும். பால்வழித் தூசு அந்த அலைநீளத்தில் கூடுதலாக ஒளியை விழுங்குகிறது. கரிமம் மிகுந்த நுண்துகள்களே அதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. சிவந்த குவாசார்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் கூடுதல் விழுங்கல் தென்படுவதில்லை. இல்லாத பள்ளத்தை நீங்கள் நிரப்பியதால்தான் மேடு எழுந்தது. பால்வழிக்கு அண்டையிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான சிறிய மாகெல்லன் மேகத்தின் வளைகோட்டைப் பயன்படுத்துங்கள். அது புற ஊதாவை நோக்கிச் செங்குத்தாக ஏறுவது: நிறமிகை 0.1 இருந்தாலே 3,000 ஆங்ஸ்ட்ராமில் சுமார் 0.6, 1,500 ஆங்ஸ்ட்ராமில் சுமார் 1.35 பொலிவெண் (வானியலில் பிரகாசத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளி குறையும். ஆகவே சிறிய நிறமிகையே போதும். நம் பால்வழியின் முன்புறத் தூசுக்கான திருத்தம் வேறு. அதைச் செம்பெயர்ச்சியை நீக்கும் முன், பதிவான அலைநீளங்களிலேயே பால்வழியின் வளைகோட்டால் செய்துவிட வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, மேடு மறைந்துவிட்டது. ஆனால் இந்தச் சிவப்பு தூசினால் வந்ததா, குவாசாரின் இயல்பா என்று எப்படித் தீர்மானிப்பது?

பதில் 2:
சரிவை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், வளைவைப் பாருங்கள். இயல்பிலேயே சிவந்த தொடர் ஒளி (கோடுகள் தவிர்த்த அடிப்படை ஒளி), இரு அச்சுகளையும் மடக்கை அளவில் வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும். தூசு படிந்ததோ நீல முனையில் மேலும் மேலும் கீழே வளையும். உமிழ்வுக்கோடுகளின் சமான அகலம் (தொடர் ஒளியோடு ஒப்பிட்ட கோட்டின் வலிமை) இங்கே அதிகம் உதவாது, ஏனெனில் அகன்ற கோடுகள் பிறக்கும் பகுதிக்கும் வெளியே தூசு இருந்தால் கோடும் தொடர் ஒளியும் ஒரே விகிதத்தில் மங்கும். உங்கள் குவாசாரில் ஹைட்ரஜன் ஆல்பா, பீட்டா கோடுகள் இரண்டும் அண்மை அகச்சிவப்புக்கு நகர்ந்திருக்கும். அந்த நிறமாலை கிடைத்தால் அகன்ற ஆல்பா கோட்டுக்கும் பீட்டா கோட்டுக்கும் உள்ள விகிதத்தை அளவிடுங்கள். தூசில்லாதபோது வழக்கமாக 3ஐ ஒட்டியிருக்கும் அது 5, 6 என உயர்ந்திருந்தால் தூசின் பக்கம் சாயலாம். குவாசார் மங்கலானதாக இருந்தால், தாய் விண்மீன் மண்டலத்தின் ஒளியை முதலில் கழித்துவிடுங்கள். அதுவும் சிவப்பைக் கூட்டிக் காட்டும்.