இரண்டாவது கண் படம் மட்டும் தேறவில்லை: விழித்திரைப் பரிசோதனை செய்பவர்கள் உதவுங்கள்

சர்க்கரை நோயாளிகளுக்குப் பாப்பாவை (கருவிழி நடுவில் உள்ள துளை) விரிக்கும் சொட்டு மருந்து போடாமல் விழித்திரைப் படம் எடுக்கிறோம். 45 டிகிரி ஃபண்டஸ் கேமரா, மேசை வகை, 4 வருடப் பழசு. 2 மாதமாக, 60 வயது தாண்டியவர்களுக்கு முதல் கண் தெளிவாக விழுகிறது. இரண்டாவது கண் இருண்டு, ஓரத்தில் பிறை மாதிரி வெளிர்சாம்பல் மூட்டத்தோடு வருகிறது. மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) பக்கம் உள்ள பொடி ரத்தப் புள்ளிகளைத் தேடவே முடிவதில்லை. தேறாத படத்துக்கு 'நோய் இல்லை' என்று எழுத முடியாது. எல்லாரையும் மேல்பரிசோதனைக்கு அனுப்பினால், உண்மையில் அவசரமானவர் வரிசையில் பின்னால் போய்விடுகிறார். அதுதான் மனதை அறுக்கிறது.

லென்ஸைத் துடைத்தாயிற்று. தூசியாக இருந்தால் எல்லார் படத்திலும் ஒரே இடத்தில் கறை விழும். இந்தப் பிறை ஆளுக்கு ஆள் இடம் மாறுகிறது. இடது கண்ணை முதலில் எடுத்தால் வலது கெடுகிறது. ஆக, ஒரு கண்ணில் ஃபிளாஷ் பட்டதும் இரண்டு பாப்பாவும் சேர்ந்து சுருங்குவதுதான் காரணம் என்று நினைக்கிறோம்.

ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, மானிட்டர் வெளிச்சம் குறைப்பு, கேமராவில் உள்ள சிறு பாப்பா முறை, ஃபிளாஷ் ஒரு படி கம்மி, இரு கண்களுக்கும் நடுவே 5 நிமிட இடைவெளி. ஓரளவு தேறியது. இருட்டிலும் பாப்பா 3 மி.மீ. தாண்டாதவர்களுக்கு எதுவும் பலிக்கவில்லை.

மருத்துவர், பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தான டிராபிகமைடு 1% போடச் சம்மதித்திருக்கிறார், கண்ணின் முன்னறை ஆழத்தை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான். சொட்டு மருந்து இல்லாமல் எடுத்த படம் தேறாதவர்களுக்கு மட்டும் போடுவதா, 60 தாண்டிய எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே போடுவதா, உங்கள் அனுபவத்தில் எது சரியாக வந்தது?