புதுப்பிப்பு: நன்னடத்தைப் பிணையும் இழப்பீட்டுப் பாக்கியும்

குற்றவாளியை ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கி கோர்ட் விடுவதுதான் நன்னடத்தைப் பிணை. அப்படி விடப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டவேண்டிய இழப்பீடு பாக்கியானால் உடனே ஜெயிலா என்று முந்தைய பதிவில் குழித்துறைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். முதலில் பிணைப் பத்திரத்தின் நகலை எடுங்கள்.

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தனியாக உத்தரவிட்ட தொகை, அபராதம் போலவே வசூலாகும்: பொருள் ஜப்தி, அல்லது கலெக்டர் வழியாக நிலவரிப் பாக்கிபோல. பணம் கட்டுவது பத்திர நிபந்தனையாகவும் இருந்தால்தான், நிபந்தனை மீறலுக்கான 9ஆம் பிரிவு வரும். சம்மன் அல்லது வாரண்ட். பிறகு பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் மீறல் என்றால் 50 ரூபாய் வரை தண்டத்தோடு விடலாம். அந்த அற்பத் தொகையைக் கெடுவுக்குள் கட்டாவிட்டாலும் பழைய குற்றத்துக்குத் தண்டனை விதிக்கலாம்.

குமரி மேற்குக் கரை விசைப்படகுத் தொழிலாளிக்கு ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் கை வறண்டுவிடும். தவணை தவறுமுன்பே நன்னடத்தை அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். 8ஆம் பிரிவில் நிபந்தனையை மாற்ற மனுப் போடுபவர் அவர்தான்.