எழுப்புதலுக்கு முழு இரவு ஜெபம் போதுமா?

நாசரேத்காரன்:
எங்கள் சபையில் மாதம் ஒரு வெள்ளி முழு இரவு ஜெபம். பதினாறு வருஷமாக எழுப்புதலுக்காகத்தான், அதாவது ஜனங்கள் மனந்திரும்பி விசுவாசத்தில் புதிதாக உயிர்பெறுவதற்காகத்தான், கேட்கிறோம். போன மாதம் இரண்டு மணிக்குக் கடுங்காப்பி கொடுத்தார்கள். கிணற்றுப் பங்குக்காகக் கோர்ட் ஏறியிருக்கிற அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வாசலில் நின்று குடித்துவிட்டு, உள்ளே போய் முழங்காலில் நின்று அழுதார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்கிறதே. அதுவரை ஜெபத்தை நிறுத்தினால்கூடத் தப்பில்லை.

பெத்தானியா:
நிறுத்தாதே தம்பி. அவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே வருவது அந்த ஒரு ராத்திரிதான். 1857இல் நியூயார்க் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் மதிய ஜெபம் வைத்தபோது முதல் அரைமணி நேரம் அவர் தனியாகத்தான் இருந்தார். கடைசியில் ஆறு பேர். அங்கே மூண்ட எழுப்புதலின் செய்தி கடல் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தது. அங்கே ஊழியம் செய்த சுவிசேஷகர் அருளப்பனும் கூட இருந்தவர்களும் ஜெபித்தார்கள். 1860இல் அவருடைய ஊரான கிறிஸ்தியான்பேட்டையில் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும்.

நாசரேத்காரன்:
தெரியும் அக்கா. மார்பில் அடித்துக்கொண்டு பாவ அறிக்கை செய்தார்கள். 1904இல் வேல்ஸில் நடந்த எழுப்புதலில் பிரசங்கியார் இவான் ராபர்ட்ஸ் சொன்ன நாலு காரியங்களில் முதலாவதே, தெரிந்த பாவத்தை அறிக்கையிடு என்பதுதான். நாங்கள் அந்த முதல் படியைத் தாண்டிக் குதிக்கிறோம்.

கடைசி பெஞ்ச்:
அண்ணே, விதைத்தால் விளையும் என்பது மாதிரி, சரியான முறையில் முயன்றால் எழுப்புதல் வரும் என்றார் அமெரிக்கப் பிரசங்கியார் ஃபின்னி. அதே அமெரிக்காவில் நார்தாம்ப்டனில் நடந்த எழுப்புதலைக் கண்ட போதகர் எட்வர்ட்ஸ், அது தேவனுடைய ஆச்சரியமான கிரியை என்றார். நான் எட்வர்ட்ஸ் பக்கம். ஜெபமோ ஒப்புரவோ, எதையும் சாவியாக நினைக்க வேண்டாம்.

பெத்தானியா:
சாவி என்று நான் சொல்லவே இல்லை. ஒப்புரவாகிற மனசே ஜெபத்தில்தான் வரும் என்கிறேன். நாலு வருஷம் என் மாமியாரோடு பேசாமல் இருந்தவள் நான். ஒரு உபவாச ஜெபத்தில், பாவமன்னிப்புக்காக மன்றாடுகிற சங்கீதம் 51 வாசிக்கச் சொன்னார்கள். பாதியில் குரல் அடைத்துவிட்டது. விடிந்ததும் முதல் பஸ் ஏறினேன். அவர்கள் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏறிட்டுப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார்கள். சுளகை வாங்கி நான் புடைத்தேன்.

நாசரேத்காரன்:
அந்த முதல் பஸ்ஸைத்தான் அக்கா நான் கேட்கிறேன். எங்கள் ஊரில் விடிந்ததும் ஜெபம் முடிகிறது, எல்லோரும் தூங்கப் போய்விடுகிறோம். நானும்தான். சரி, ஜெபம் நடக்கட்டும். ஆனால் வருகிற வெள்ளி ஜெபக் குறிப்பில் எழுப்புதலுக்கு மேலே அந்தக் கிணற்றை எழுதச் சொல்லப்போகிறேன்.

பெத்தானியா:
பலகையில் எழுதாதே, ஊரே பார்க்கும். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அந்தத் தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வா.