டிஸ்க் கோல்ப்: டிரைவர் எப்போதும் இடப்பக்கம் விழுகிறது, தட்டை மாற்றவா, எறிகிற விதத்தை மாற்றவா?

ஒட்டுசுட்டான்காரன்:

வணக்கம் எல்லோருக்கும். வன்னிக்குள் டிஸ்க் கோல்ப் (தட்டை எறிந்து, குறைந்த எறிகளில் கூடைக்குள் விழுத்துகிற விளையாட்டு) விளையாடுகிற ஆட்கள் வேறு யாரும் இருக்கிறார்களா தெரியாது, எங்கள் ஊரில் நாங்கள் நாலைந்து பெடியள்தான். கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒரு பை நிறையத் தட்டுகளை விட்டுவிட்டுப் போனார். சைக்கிள் றிம்மில் சங்கிலி தொங்கவிட்டு, பழைய ரயருக்குள் கொங்கிறீற் போட்டுக் கம்பியை நிறுத்தி, கூடையும் ஒன்று செய்துவிட்டோம். காலபோக அறுவடை முடிந்ததிலிருந்து வெறும் வயலில் பின்னேரங்களில் எறிகிறோம்.

என் பிரச்சினை இதுதான். நான் வலக்கை பேக்ஹாண்ட், அதாவது வலக்கையால் தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் புறங்கைப் பக்கமாக விடுகிறவன். பையில் இருப்பதிலேயே வேகமான தட்டு இன்னோவா கம்பனியின் டெஸ்ட்ரோயர், தூரத்துக்கு எறிகிற டிரைவர் வகை, அதற்கு 12, 5, -1, 3 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு பலமாக இழுத்தாலும் மேலே ஏறுகிறது, ஒரு கணம் நிற்கிறது, பிறகு இடப்பக்கம் சரிந்து பொத்தென்று விழுகிறது. ஐம்பது மீற்றர் தாண்டினால் பெரிய விசயம். பக்கத்தில் நிற்கிறவன் ஏவியர் என்கிற புட்டரை (கூடைக்குக் கிட்ட நின்று போடுகிற மெதுவான தட்டு) எறிந்து என் தட்டுக்குப் பக்கத்திலேயே போடுகிறான், அதுதான் கூட எரிச்சல். லெப்பேர்ட் என்கிற வேகம் குறைந்த டிரைவர் ஒன்றும் ரொக் என்கிற நடுத்தூரத் தட்டு ஒன்றும் கூட இருக்கின்றன. வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாமா குடும்பம் வருகிறது. பாரம் குறைந்த டிரைவர் ஒன்று கொண்டுவரச் சொல்லவா, அல்லது வேறு ஏதாவதா?

கனகராயன்:

தம்பி, மாமாவிடம் கேட்பது பிறகு. முதலில் அந்த டெஸ்ட்ரோயரை அலுமாரிக்குள் வையும்.

அந்த முதல் எண் 12 என்பது தட்டு தானாக ஓடப்போகிற வேகம் இல்லை, அது தன் வேலையைச் செய்வதற்கு உம்முடைய கை கொடுக்க வேண்டிய வேகம். விளிம்பு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் அகலமான இந்த மாதிரித் தட்டுகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் அந்த வேகம் கிடைக்காவிட்டால் பறப்பின் முதற்பாதியே நடக்காது, நேரே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிடும். கடைசிக் கட்டம் என்பது நாலாவது எண், அந்த 3, ஃபேட் என்பார்கள். வலக்கை பேக்ஹாண்டில் தட்டு மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. வேகம் குறையக் குறைய, காற்றுத் தூக்குகிற இடம் தட்டின் நடுப்புள்ளிக்கு முன்னால் வந்து மூக்கை, அதாவது முன்விளிம்பை, மேலே தள்ளப் பார்க்கும், ஆனால் தட்டு சுற்றிக்கொண்டிருப்பதால் அந்தத் தள்ளல் மூக்கில் தெரியாமல் இடப்பக்கச் சரிவாக வெளிவருகிறது. நல்ல வேகத்தில் போகும்போது இதற்கு எதிர்மாறாக வலப்பக்கம் சாயும், மூன்றாவது எண், டர்ன், அதைத்தான் சொல்கிறது. இரண்டாவது எண் தட்டு எவ்வளவு மிதக்கும் என்பது. உமக்கு டர்ன் கிடைக்கவே இல்லை, ஃபேட் மட்டும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் ரொக் மாதிரி மிட்ரேஞ் ஒன்றை எழுபத்தைந்து மீற்றர் நேராகப் போடாதவர்களுக்கு வேகம் 9க்கு மேற்பட்ட தட்டே தேவையில்லை.

ஆனால் தட்டு பாதிக் காரணம்தான். "மேலே ஏறி, நின்று, விழுகிறது" என்று எழுதியிருக்கிறீர், அது மூக்கு மேலே தூக்கியிருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். தட்டின் முன்விளிம்பு பறக்கிற திசையை விடக் கொஞ்சம் மேலே பார்த்தாலும் போதும், தூரம் செத்துவிடும். இதற்கு மூன்று இடங்களைப் பாரும். ஒன்று பிடி: தட்டு உள்ளங்கைக் குறுக்குக் கோட்டில் இறுக்கமாக இருந்து முன்னங்கையோடு ஒரே நேரில் நிற்க வேண்டும், பெருவிரல் மேலே விளிம்புப் பக்கமாக அழுத்த வேண்டும், மணிக்கட்டு மேலே மடங்கக்கூடாது. இரண்டு, உடம்பு: விடுகிற நேரம் பின்காலில் சாய்ந்து நின்றால் மூக்குத் தானாகத் தூக்கும், பாரம் முன்காலுக்கு வந்த பிறகுதான் கை வர வேண்டும். மூன்றாவதுதான் பெரும்பாலான பெடியள் விடுகிற பிழை, தட்டை நெஞ்சைச் சுற்றி வளைத்துக் கொண்டுவருவது. வளைத்தால் பலமும் போய்விடும், திசையும் போய்விடும். மண்ணெண்ணெய் வோட்டர் பம்முக்குக் கயிறு சுற்றி இழுத்து ஸ்ராட் பண்ணியிருப்பீர்தானே, முழங்கை முன்னால் போக, கயிறு ஒரே நேரில் வந்து கடைசியில்தான் விசை விழும், அந்த இழுப்புத்தான் இதுவும். நெஞ்சுக்குக் குறுக்கே நேர்கோட்டில், தொடக்கத்தில் மெதுவாக, கடைசியில் வெடுக்கென்று.

ஓடிவந்து எறிவதை இப்போதைக்கு விடும். நின்ற இடத்திலிருந்தே தூரத்தின் பெரும்பகுதி வந்துவிடும், கால் வைப்பு பிழைத்தால் ஓட்டம் அந்தப் பிழையைத்தான் பெருப்பிக்கும். ஏவியரை (2, 3, 0, 1) எடுத்து நின்றபடி எறியும். புட்டர் பொய் சொல்லாது, கை கோணினால் அந்த இடத்திலேயே ஆடிக் காட்டும். அது ஆடாமல் நேராகப் போகத் தொடங்கிய பிறகு லெப்பேர்ட் (6, 5, -2, 1). உம்முடைய கை வேகத்துக்கு அந்தப் பையில் தூரத் தட்டு என்றால் அதுதான்.

ஸ்காபரோ_முள்ளியவளை:

அண்ணை சொன்ன எறியும் விதம் எல்லாம் சரி, ஆனால் புட்டரோடு மாரடிக்கச் சொல்வது வன்னிக்குச் சரிவருமா? நான் இங்கே மேப்பிள் மரத்துக்குள் விளையாடுகிறேன், காற்றே இல்லை, ஏவியர் அருமை. ஊருக்கு வந்தபோது இரணைமடுப் பக்கம் வெட்டையில் அதே ஏவியரைக் கச்சான் காற்றுக்கு எதிரே எறிந்தேன், எழும்பி வலப்பக்கம் புரண்டு எங்கேயோ போய்விட்டது. கச்சான் எழும்பிவிட்டால் பின்னேரத்தில் தட்டுத் தேடுகிற வேலைதான் மிஞ்சும்.

எதிர்க்காற்று என்றால் தட்டுக்குத் தெரிவது கூடுதல் வேகம், அதனால் டர்ன் கூடும், நேராகப் போகிற தட்டும் வலப்பக்கம் கவிழும். பின்காற்றில் இதற்கு நேர்மாறு, தூக்கல் குறைந்து சீக்கிரம் இடப்பக்கம் விழும், அப்போது லெப்பேர்ட் மாதிரி இலகுவாகத் திரும்புகிற தட்டைக் கொஞ்சம் உயரமாக விட்டால் காற்றே கொண்டுபோய்விடும். 2016இல் நெவாடாப் பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீற்றர் எறிந்தாரே, அதுவும் பலமான காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு எறிந்ததுதான். ஆகவே தம்பி, ரொக்கை வெளியே எடுங்கள். 4, 4, 0, 3. அதில் டர்ன் இல்லை, ஃபேட் இருக்கிறது, எதிர்க்காற்றில் அந்த இரண்டும் சமன்பட்டு நேராகப் போகும். தாழ்வாக எறியுங்கள், நிலத்தோடு ஒட்டிக் காற்றுக் குறைவு.

பாரம் குறைந்த தட்டுக் கேட்டிருந்தீர்கள். காற்று இல்லாத இடத்தில் 150 கிராம் டிரைவர் மெதுவான கைக்கு உதவும், வெட்டைக் காற்றில் கடதாசிதான். 170க்கு மேல் வாங்குங்கள். டிஸ்க் கோல்ப் சங்க விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராம்தான் உச்சம், 21.2 செ.மீ. தட்டுக்கு 176 கிராம் அளவில் வந்து நிற்கும்.

இன்னொன்று. 1983க்கு முன் இந்தத் தலையிடியே இல்லை, ஏறக்குறைய எல்லோரும் சாதாரண ஃபிரிஸ்பி மாதிரி மொட்டை விளிம்புத் தட்டுத்தான் எறிந்தார்கள். இன்னோவாக்காரர் டேவ் டனிபேஸ் அந்த வருடம் ஈகிள் என்று சாய்வாகச் சீவிய விளிம்போடு ஒன்றைக் கொண்டுவந்தார், அதிலிருந்துதான் இந்தக் கூர்த் தட்டுப் பைத்தியம்.

வடலி:

ஆண்கள் எல்லோரும் தூரம் தூரம் என்றே கதைக்கிறீர்கள். புள்ளி எழுதிப் பாருங்கள், கூடையிலிருந்து பத்து மீற்றருக்குள் எத்தனை எறி வீணாகிறது என்று. நான் எங்கள் முற்றத்தில் பின்னேரம் ஐந்து ஆறு மீற்றரிலிருந்து போடுகிறேன், ஒரே புட்டர், ஒரே நிலை, அவ்வளவுதான். கையால் தள்ளுவதை விடக் காலிலிருந்து வருகிற பாரத்தோடு கொடுத்தால் காற்றிலும் நேராகப் போகும். பத்து மீற்றர் வட்டத்துக்குள் விதியும் இருக்கிறது, தட்டை விட்ட பிறகு, முந்தின எறி விழுந்த இடத்தில் வைத்த குறிக்குப் பின்னால் சமநிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் முன்னால் கால் வைக்கலாம், விழுந்தடித்துக்கொண்டு போனால் தண்டனை. உங்கள் கூடை எந்த உயரம் என்றும் அளந்து பாருங்கள், தட்டு விழுகிற வட்டத்தின் விளிம்பு நிலத்திலிருந்து 80 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். எங்கள் பெடியள் முதலில் நெஞ்சளவுக்குக் கட்டினார்கள், கழற்றித் திரும்பக் கட்ட வைத்தேன்.

நிறத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லை. பச்சை, மஞ்சள் வேண்டாம், மாரியில் ஒன்று மறையும், கோடையில் மற்றது மறையும். கடும் ரோசா நிறம்தான் வடலிக்குள்ளும் காய்ந்த புல்லுக்குள்ளும் கண்ணில் படும். வெயிலில் மோட்டச்சைக்கிள் சீற்றில் வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம், தட்டு வளைந்துவிடும்.

கடைசியாக ஒன்று, பகிடி இல்லை. வயலை விட்டுப் பற்றைக்குள் தட்டுப் போனால், அது மிதிவெடி அகற்றி முடித்த காணி என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் இறங்குங்கள். சிவப்புப் பலகையோ மண்டையோட்டுப் படமோ தெரிந்தால் தட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். துருப்பிடித்த எதையும் தட்டு எடுக்கப்போன கையால் தொட வேண்டாம், பொலிசுக்கோ மிதிவெடி அகற்றும் ஆட்களுக்கோ சொல்லுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்துக்கு இதை எழுதாமல் போக எனக்கு மனமில்லை.

கனகராயன்:

வடலி அக்கா சொன்ன கடைசிப் பந்திக்கு மேல் ஒன்றும் இல்லை.

ஸ்காபரோ அண்ணைக்கு: காற்றில் ரொக் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஃபேட் உள்ள தட்டோடே பழகுகிறவனுக்குத் தன் கைப்பிழை தெரியாது, எல்லாம் எப்படியும் இடப்பக்கம்தான் போகும், பிழையா தட்டா என்று எப்படிப் பிரிப்பது? அதனால்தான் பழகுவதற்குப் புட்டர், காற்றுக்குள் விளையாடுவதற்கு ரொக். காற்று எழும்ப முன் விடியவே போய் எறியலாம், வயல்காரர் எழும்புகிற நேரம்தானே.

ஒட்டுசுட்டான்காரன்:

எல்லோருக்கும் நன்றி. விடிய எழும்பிப் போய் லெப்பேர்ட்டை நின்றபடி எறிந்தேன், பெருவிரல் சொன்ன மாதிரி, பாரம் முன்காலில். இப்போது மேலே ஏறவில்லை, ஆனால் இன்னொரு கூத்து: நல்ல வேகமாகப் போய் வலப்பக்கம் கவிழ்ந்து, நிலத்தில் விளிம்பில் விழுந்து வரம்பு வரைக்கும் உருண்டு போகிறது. பிடி பிழைத்துவிட்டதா?

கனகராயன்:

பிடி பிழைக்கவில்லை, இப்போதுதான் அந்த -2 உமக்கு வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. லெப்பேர்ட்டைத் தட்டையாக விடாமல் வெளிவிளிம்பைக் கொஞ்சம் கீழே சாய்த்து விடும், ஹைசர் என்பது அதுதான். சாய்வாகப் புறப்பட்டு, வேகத்தில் நிமிர்ந்து, நேராக ஓடி, கடைசியில் மெல்ல இடப்பக்கம் வரும். இடுப்பையும் கொஞ்சம் முன்னால் வளைத்தால் சாய்வு தானாக வரும், மணிக்கட்டால் மட்டும் சாய்க்கப் போனால் மூக்குத் திரும்பத் தூக்கும். விடுகிற நேரம் மணிக்கட்டு மேற்பக்கமாக உருளுகிறதா என்று யாரையாவது பின்னால் நின்று ஃபோனில் எடுக்கச் சொல்லும். உருண்டால் எந்தத் தட்டும் கவிழும், தட்டும் ஆடிக்கொண்டே புறப்படும். ஆடாமல் போய்க் கவிழ்ந்தால் அது தட்டின் குணம், ஆடிக்கொண்டு கவிழ்ந்தால் கை.

மாமாவிடம் இரண்டே இரண்டு கேளும். இதே ஏவியர் இன்னொன்று, ரோசா நிறம், 170க்கு மேல். நல்ல பிளாஸ்ரிக்கில் ஒரு லெப்பேர்ட். மலிவு பிளாஸ்ரிக் கையில் நன்றாகப் பிடிபடும், ஆனால் கிரவல் தரையில் அடிபட்டு விரைவில் இன்னும் திரும்புகிற தட்டாகிவிடும். பழையதை எறிந்துவிட வேண்டாம், பின்காற்றுக்கு உதவும்.

ஸ்காபரோ_முள்ளியவளை:

ஃபோர்ஹாண்டும் பழகுங்கள் தம்பி. கிரிக்கெட்டில் பக்கவாட்டாக எறிந்து ரன் அவுட் எடுக்கிற பெடியன் ஒருவன் உங்களிடம் இருப்பான், அவனுக்கு விரைவாக வரும். இரண்டு விரலை உள்விளிம்பில் வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, மணிக்கட்டால் விட வேண்டும். தட்டு மறுபக்கம் சுற்றுவதால் கடைசியில் வலப்பக்கம் விழும், பேக்ஹாண்ட் போகாத வளைவெல்லாம் இதற்குத் திறக்கும். தோளால் இழுக்க வேண்டாம், முழங்கை நோகத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

மாங்குளம்_இடக்கை:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், நான் இடக்கைக்காரன். மேலே எழுதிய வலம் இடம் எல்லாம் எனக்கு மாறுமா? ஒட்டுசுட்டான் எங்களுக்குத் தூரமில்லை, ஞாயிறு வந்தால் சேர்க்கலாமா?

ஒட்டுசுட்டான்காரன்:

ஓம் அண்ணை, வலம் இடத்தை மாற்றி வாசியுங்கள், எதிர்க்காற்று பின்காற்றுக் கதை இரண்டு கைக்கும் ஒன்றுதான். ஞாயிறு விடிய வாருங்கள், எட்டு மணிக்குப் பிறகு அந்த வயலில் மாடு நிற்கும்.