மோட்டார் கணக்கு இடிக்கிறது: 30 ஓமா, 3.5 ஓமா?

திண்டுக்கல் பக்கம் எங்கள் கிணற்றில் 1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே பாடியில்) மோட்டார், வாங்கி 6 வருடம். மூன்று வாரமாகத் தண்ணீர் மெதுவாக ஏறுகிறது. அரை மணியில் பாடியில் கை வைக்க முடியவில்லை.

ஓடும்போது 210 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 7 ஆம்பியர். வகுத்தால் 30 ஓம், பெருக்கினால் 1470 வாட். ஆனால் லைனைக் கழற்றிவிட்டு ரன்னிங் காயிலை மல்டிமீட்டரில் பார்த்தால் 3.5 ஓம்தான்! ஈபி மீட்டரோ ஒரு மணி நேரத்துக்கு 1.1 யூனிட் என்கிறது. சரி, அது பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் நிஜமாகச் செலவாகும் பங்கு), 0.75 என்று புரிகிறது. ஓம்தான் உதைக்கிறது.

வேறு மல்டிமீட்டரிலும் அதே 3.5. கெப்பாசிட்டர் புதிது போட்டாச்சு, ஃபுட்வால்வும் (உறிஞ்சும் குழாயின் அடியில் உள்ள வால்வு) கழுவியாச்சு. எலக்ட்ரீசியன் பார்த்த மாத்திரத்தில் காயில் கட்டணும் என்கிறார்.

இந்த 3.5 ஓம் நல்ல காயிலுக்கே வரும் அளவா, இல்லை உள்ளே ஷார்ட்டா?